மீட்டரின் இருபத்து மூன்று தப்புகள்

வேலை முடிந்ததும் மீட்டர் வாடிக்கையாளரிடம் கேட்பது ஒரு தம்ளர் தண்ணீர். குடிக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்து ஐஸ் போட்டு, தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டியவர்கள் உண்டு. ஐஸை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். தண்ணீரைக் கொண்டுபோய், வெளிச்சுவரில் மாட்டிய ஏசி யூனிட்டின் தலையில் வைப்பான். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். ஏணியில் நின்றபடி தம்ளருக்குள் எட்டிப் பார்ப்பான். தண்ணீர் அசையாமல் கிடந்தால் யூனிட் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. சின்னச் சின்ன வளையங்கள் எழும்பினால் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. நட்டுகளை இன்னொரு சுற்று முறுக்கிவிட்டு மறுபடி பார்ப்பான். கடைசி வளையமும் அடங்கிய பிறகுதான் ஏணியை விட்டு இறங்குவான்.

அவனுக்குக் காது கேட்காது. உரக்கச் சொன்னால் கேட்கும், இடது பக்கம் நின்று சொன்னால் கேட்கும் என்கிற சமாதானமெல்லாம் அவனிடம் இல்லை. பிறந்ததிலிருந்து முப்பத்தெட்டு வருஷமாக ஒரு சத்தமும் அவனிடம் வந்து சேர்ந்ததில்லை. அதற்காக அவன் யாரிடமும் வருத்தம் தெரிவித்ததும் இல்லை. தொழிற்பள்ளியில் சேர்ந்த முதல் நாளே வாத்தியார் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "இது காதால பிடிக்கிற வேலைப்பா. கம்ப்ரசர் இருமறத வச்சே நோய கண்டுபிடிக்கணும். நீ தையல் பக்கம் போயேன்" என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவன் அந்தக் காகிதத்தைத் திருப்பிப் போட்டு, மேஜையில் கிடந்த அழுத்த மீட்டரைத் தூக்கி அதன்மேல் வைத்தான். முள் எங்கே நிற்கிறதோ அதுதான் நோய் என்பது அவன் கட்சி. அதற்குப் பிறகு எந்தச் சண்டை வந்தாலும் மீட்டரைத்தான் காட்டுவான். பெயர் ஒட்டிக்கொண்டது. கிண்டலாக வைத்தவர்களே பிறகு மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டில் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது.

பதினாலு வருஷமாக ஒரே கம்பெனி. வெயில் காலத்தில் குளிரூட்டும் யந்திரம், குளிர் காலத்தில் சூடேற்றும் யந்திரம், இரண்டுக்கும் நடுவில் இரண்டையும் கழுவுகிற வேலை. முதலாளி நல்லவர். அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். யார் வந்தாலும் மீட்டரின் தோளில் கை போட்டு, "எங்க மீட்டருக்குக் காது கேக்காது, ஆனா வேலைல புலி" என்பார். அவர் உதட்டில் அந்த 'ஆனா' வரும்போது மீட்டருக்கு எங்கேயோ எரியும். ஒல்லியின் தோளில் கை போட்டு, 'எங்க ஒல்லி ஒல்லியா இருப்பான், ஆனா வேலைல புலி' என்று அவர் சொல்லி யாரும் பார்த்ததில்லை. ஒல்லி என்பவன் கம்பெனியின் இன்னொரு மெக்கானிக். மீட்டரைவிட நாலு வயது சின்னவன், வேலைக்குச் சேர்ந்ததும் நாலு வருஷம் பின்னால். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிடுவான்.

தம்ளர் யோசனை ஆறு வருஷத்துக்கு முன்னால் மீட்டருக்கே தோன்றியது. கூடவே இன்னொன்றும் கண்டுபிடித்தான். சுவரில் யூனிட்டை மாட்டும் இரும்புத் தாங்கிக்கும் யூனிட்டின் காலுக்கும் நடுவே நாலு ரப்பர் துண்டு வைக்கச் சொல்லி, பெட்டியோடு சேர்த்து அனுப்புவார்கள். ரப்பர் இருந்தால் தண்ணீர் நடுங்கியது. ரப்பரை உருவிவிட்டு, இரும்போடு இரும்பாக முறுக்கினால் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நின்றது. 'ரப்பர் விக்கிறவன் பிழைக்கணுமே, அதுக்காக வக்கிறானுங்க' என்று தீர்ப்பு எழுதிவிட்டான். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ரப்பரை உருவி ஒரு கோணிப்பைக்குள் போட்டுவிடுவான். பை அவன் கட்டிலுக்கடியில் கொழுத்துக்கொண்டே வந்தது. அதிலிருந்து நாலை எடுத்து அக்கா தன் ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வயது மூத்தவள். காது கேளாதவர் பள்ளிக்கு அவன் போவதற்கு முன்பே, வீட்டுக்குள் அவனுக்காகப் பாதி மொழியைக் கையாலேயே கண்டுபிடித்தவள். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மீட்டரின் விசிட்டிங் கார்டில் இருப்பது அவளுடைய நம்பர்தான். வாடிக்கையாளர்கள் அவளைக் கூப்பிடுவார்கள், அவள் விலாசத்தையும் கோளாறையும் தட்டி அவனுக்கு அனுப்புவாள். "என் தம்பியோட காது என் கைப்பைக்குள்ள இருக்கு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவனுக்கும் அதில் குறை ஒன்றும் இருந்ததில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்த எட்டு மாடிக் கட்டடம் வந்தது. கீழே அலுவலகங்கள், மேலே வீடுகள், நிலத்தடியில் ஒரு பெரிய யந்திர அறை. கட்டடம் முழுவதையும் குளிர வைக்கும் இரண்டு ராட்சத யந்திரங்கள், சூடேற்ற ஒரு பாய்லர். ஐந்து வருஷப் பராமரிப்பு வேலை கம்பெனிக்குக் கிடைப்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து பொறுப்பேற்க ஒரு தலைமை மெக்கானிக் வேண்டும். பதினாலு வருஷத்தில் மீட்டர் முதலாளியிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்டான். எழுதியே கொடுத்தான். அந்த அறையின் சாவி தன் இடுப்பில் தொங்குவதைக் கற்பனை செய்து பார்த்து, பல் துலக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டதும் உண்டு. முதலாளி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "பாக்கலாம், பாக்கலாம்" என்று மென்று விழுங்கினார். கட்டட மேனேஜரைச் சந்திக்கப் பத்து நாள் இருந்தது.

அந்தப் பத்தில் முதல் நாள், பாட்டு டீச்சர் ஒருவரின் வீட்டு ஏசிக்கு வருஷாந்திர சர்வீஸ். அங்கே எப்போதும் டீச்சரின் கணவர்தான் கதவைத் திறப்பார், கையெழுத்துப் போடுவார், அனுப்பி வைப்பார். இந்தத் தடவை அவர் வெளியூர் போயிருந்தார். டீச்சரே வந்தார். மீட்டரைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு அவனுக்குப் பிடிபடவில்லை. வேலையை முடித்து, நட்டை முறுக்கி, தம்ளரை வைத்துப் பார்த்து, திருப்தியாக இறங்கி வந்தான். டீச்சர் அதற்குள் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார்.

'நீங்கள் வந்து போனால் என் சுவர் பாட ஆரம்பிக்கிறது. அதுவும் என் பிள்ளைகள் பாடுகிற சுருதிக்கு அரை சுரம் கீழே. மறுவாரம் ஒல்லியாக ஒருவர் வந்து எதையோ தளர்த்துகிறார், நின்றுவிடுகிறது. அடுத்த வருஷம் நீங்கள் வந்து மறுபடி முறுக்குகிறீர்கள். ஐந்து வருஷமாக இதே கூத்து. இந்தத் தடவை இரண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கலாமே?'

மீட்டர் அதை மூன்று முறை படித்தான். பேனாவை வாங்கி, 'யாரிடம் சொன்னீர்கள்?' என்று எழுதினான்.

'உங்கள் அக்காவிடம்தான். மிகவும் தன்மையாகப் பேசுவார்.'

அவன் நோட்டைக் கீழே வைத்தான். சுவரைக் காட்டச் சொன்னான். டீச்சர் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய், கீபோர்டுக்குப் பின்னாலிருந்த சுவரைக் காட்டினார். யூனிட் மாட்டியிருக்கும் அதே சுவர், அதன் உள்பக்கம். மீட்டர் உள்ளங்கையை வைத்தான். எறும்புச் சாரி ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு. கன்னத்தை வைத்தான். பல்வரை ஏறியது. எத்தனை ஆயிரம் யந்திரங்களைத் தொட்டுப் பார்த்திருக்கிறான். யந்திரத்துக்குப் பின்னால் இருக்கிற சுவரை அவன் ஒருநாளும் தொட்டதில்லை.

ஏணியில் ஏறுவதற்குள் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ரப்பர் இருக்கும்போது யூனிட் தன் நடுக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது, அதனால்தான் தம்ளரில் வளையம். ரப்பரை உருவி இரும்போடு முறுக்கினால் நடுக்கம் முழுக்கச் சுவருக்குள் இறங்கிவிடுகிறது. யூனிட் சாது மாதிரி நிற்கிறது, வீடு அலறுகிறது. தண்ணீர் பொய் சொல்லவில்லை. அவன் கேட்ட கேள்விதான் தப்பு. காது கேட்கிற எவனும் இந்தத் தப்பை ஒரு நிமிஷத்துக்கு மேல் செய்திருக்க மாட்டான். காது கேட்காத எவனும், ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால், இரண்டாம் தடவை செய்திருக்க மாட்டான்.

வண்டியில் தேடி நாலு ரப்பரை எடுத்துவந்து வைத்தான். தம்ளரில் தண்ணீர் நடுங்கியது. உள்ளே போய்ச் சுவரைத் தொட்டான், செத்துக் கிடந்தது. டீச்சர் கீபோர்டில் ஏதோ ஒரு கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார். மீட்டர் பிள்ளைகள் உட்காரும் பாயில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். அவமானமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது, எழுந்து வண்டியை நேராக அக்காவின் கடைக்கு விட்டான்.

கடையில் அக்கா யாருடைய மதிப்பெண் பட்டியலையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். மீட்டர் உள்ளே நுழைந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினான். காகிதம் பாதி வெளியே, பாதி உள்ளே நின்றது.

"எத்தனை?" என்று கையால் கேட்டான்.

"எது எத்தனை?"

"சத்தம்னு சொல்லி எத்தனை பேர் உன்னைக் கூப்பிட்டாங்க?"

அக்கா கல்லாப்பெட்டியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். மதிப்பெண் பட்டியலுக்காக நின்றிருந்த ஆள், நிலைமை சரியில்லை என்று தெரிந்து, வெளியே போய் வானத்தைப் பார்த்தான். கடைசியில் அக்கா கைப்பையைத் திறந்து போனை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். பழைய செய்திகள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் அவள் முதலாளிக்கு அனுப்பியிருந்தாள். முதலாளி ஒல்லியை அனுப்பியிருந்தார். ஆறு வருஷம், இருபத்து மூன்று வீடுகள்.

"மொத தடவ உங்கிட்ட சொல்லத்தான்டா இருந்தேன்" என்றாள் அக்கா, பேச்சும் கையும் ஒன்றாக. "மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டேன். வேண்டாம்மா, பாவம், மனசு ஒடஞ்சு போயிடுவான், நான் பாத்துக்கறேன்னு சொன்னாரு. எனக்கும் அதான் சரின்னு பட்டுது."

பாவம் என்பதற்கு அவர்கள் இருவரும் சின்ன வயதில் கண்டுபிடித்த சைகை, கன்னத்தைத் தடவுவது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் அவன் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனதால் வந்த சைகை. அதையே அக்கா இப்போது அவனிடம் காட்டினாள்.

"என் தப்ப நீங்க எதுக்கு எடுத்து ஒளிச்சு வச்சீங்க?" மீட்டரின் கைகள் கல்லாப்பெட்டியில் இடித்துக்கொண்டன. "அது என்னுது. மொத வீட்லயே சொல்லியிருந்தா ரெண்டாவது வீடு கெட்டிருக்காது. நான் இருபத்தி மூணு வீட்ட கெடுத்துட்டு, வேலைல புலின்னு சுத்திக்கிட்டு இருந்திருக்கேன். மூணு பேரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தியிருக்கீங்க."

"உன்னைப் பாதுகாத்தேன்டா."

"ஒல்லிய பாதுகாத்தீங்களா? அவன் தப்புகள அவங்கிட்ட சொன்னீங்க இல்ல? அவனத் திட்டினாங்க, அவன் கத்துக்கிட்டான். என் தப்பையும் அவனே போய்ப் பாத்து, அதையும் அவனே கத்துக்கிட்டான். நான் செஞ்ச தப்புல படிச்சு அவன் பெரிய ஆளாயிட்டான். எனக்கு என்ன குடுத்தீங்க? தோள்ல ஒரு கை."

அக்கா அழுதாள். சாதாரணமாக அவள் கண் கலங்கினால் மீட்டர் ஏதாவது கோமாளித்தனம் செய்து சிரிக்க வைப்பான். அன்று அவளைத் தேற்ற அவன் தயாராக இல்லை. இருபத்து மூன்று விலாசங்களையும் ஒரே தாளில் அடித்துத் தரச் சொன்னான். பிளக்கை அவனே திரும்பச் சொருகிவிட்டு, பிரின்டர் கக்குகிறவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முதலாளியிடம் போனில் தட்டிக் காட்டிக் கேட்டபோது அவர் மழுப்பவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவர். கையைப் பிசைந்துகொண்டு, அவன் உதட்டைப் படிக்க வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உன்மேல யாரும் ஒரு கொறையும் சொல்லல மீட்டர்."

'அதுதான் நான் சொல்கிற குறை' என்று மீட்டர் தட்டினான்.

"அந்தக் கட்டடத்துக்கு ஒல்லியப் போடலாம்னு இருக்கேன். யந்திர ரூம்ல அலாரம் அடிச்சா ஒனக்குத் தெரியணும்ல? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி மூஞ்சில முழிப்பேன்? நீ இங்கயே என் பக்கத்துல இரு. நீ எங்களுக்குப் பெருமைப்பா."

மீட்டர் மறுபடி போனை எடுத்தான். ஒரு வாரம் லீவும் கம்பெனி வண்டியும் கேட்டான். ஒரு வாரத்தில் சூடு தணிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, முதலாளி சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

கட்டிலுக்கடியிலிருந்த கோணிப்பை வண்டியில் ஏறியது. ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் இப்படி எழுதி லேமினேட் செய்துகொண்டான்: 'உங்கள் சுவர் சத்தம் போட்டதற்குக் காரணம் நான். சரிசெய்ய வந்திருக்கிறேன். சரியானால் இந்தத் தாளில் எழுதுங்கள். சரியாகாவிட்டால் அதையும் எழுதுங்கள்.' கதவைத் திறந்தவர்கள் அட்டையைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், கோணிப்பையைப் பார்த்தார்கள். ஒருவர், அதான் சரியாகிவிட்டதே, போய் வா என்று கையை ஆட்டினார். மீட்டர் அட்டையை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். ஒல்லி நட்டைத் தளர்த்திவிட்டுப் போயிருந்தானே தவிர ரப்பர் வைக்கவில்லை. தளர்ந்த நட்டு என்றைக்காவது யூனிட்டைக் கீழே தள்ளும். அதை எழுதிக் காட்டியதும் அந்த மனிதர் தானே ஓடிப்போய் ஏணி கொண்டுவந்தார்.

ஒரு வீட்டில் ரப்பர் வைத்த பிறகும் சத்தம் போட்டது ஏசியே இல்லை, அலமாரி மேல் கவிழ்த்து வைத்திருந்த பாத்திர மூடி. இன்னொரு வீட்டில் உள் யூனிட்டின் விசிறி உரசிக்கொண்டிருந்தது. அதைச் சுவரில் கை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டு, அதற்கு விரல் நகத்தால் யூனிட்டின் மூடியைத் தொடுகிற வேறொரு வழி கற்றுக்கொண்டான். மீதி எல்லாம் ரப்பர்தான். பதினேழாவது வீட்டில் ஒரு வயதான தம்பதி. அவர்கள் ஒரே ஒரு தடவை புகார் சொல்லிவிட்டு, ஒல்லி வந்தபோது வீட்டில் இல்லாததால், அப்படியே விட்டுவிட்டார்கள். படுக்கையைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டு மூன்று வருஷமாக ஏசி இல்லாத அறையில் தூங்குகிறார்கள். ஏன் மறுபடி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அந்த அம்மாள் தாளில் எழுதினார்: 'காது கேட்காத பிள்ளை, எதற்குப் பிழைப்பில் கை வைக்க வேண்டும் என்று நினைத்தோம்.' மீட்டர் அந்த வீட்டில் ரப்பர் வைத்து முடித்து, கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்து, பழைய அறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வண்டியில் ஏறியதும் ஸ்டியரிங்கைக் கையால் குத்தினான். ஹார்ன் அடித்திருக்க வேண்டும், தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏழாம் நாள் மாலை தாள் நிரம்பிவிட்டது. இருபத்து மூன்று தப்பு, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம், செய்த வேலை, வீட்டுக்காரர் கையெழுத்து. அதை அக்காவின் கடையில் வைத்து, "நாலு காப்பி" என்றான். அக்கா எடுத்துக் கொடுத்தாள். "நாளன்னைக்கு என்கூட வரணும்" என்றான். "நான் சொல்றத அப்படியே பேசணும். ஒரு வார்த்தைய மழுப்பினாலும் உன் உதட்டுல எனக்குத் தெரியும்." அவள் தலையாட்டினாள். அந்த வாரத்தில் அவன் அவளிடம் பேசியது அவ்வளவுதான்.

கட்டட மேனேஜர் ஐம்பது வயதுப் பெண்மணி. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, எல்லோரையும் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முதலாளியும் ஒல்லியும் ஏற்கெனவே எதிரே இருந்தார்கள். அழைக்காத விருந்தாளிகளாக மீட்டரும் அக்காவும் நுழைந்ததும் முதலாளி பாதி எழுந்துவிட்டார்.

"இவர் யாரு?" என்று மேனேஜர் கேட்டார்.

"எங்க மீட்டர், மேடம். காது கேக்காது, ஆனா..."

மீட்டர் மேஜையை இரண்டு தட்டுத் தட்டினான். முதலாளியின் வாக்கியம் அங்கேயே நின்றது. மேனேஜர் அக்காவைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். மீட்டர் மறுபடி தட்டி, தன் முகத்தைக் காட்டினான்.

"என்னப் பாத்துப் பேசுங்கன்னு சொல்றான்" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அவன் பேசறத நான் அப்படியே சொல்றேன். இதுல என் வார்த்த எதுவும் இல்ல." பிறகு அவன் கையைப் பார்த்துப் பேசினாள். "இந்தக் கம்பெனில நான்தான் சீனியர். இந்த வேலை எனக்கு வேணும். இது என் தப்பு லிஸ்ட். ஆறு வருஷத்துல இருபத்தி மூணு. எங்க அக்காவும் மொதலாளியும் இத எங்கிட்டயிருந்து மறச்சு வச்சாங்க. பாவம்னு மறச்சாங்க. நான் போன வாரம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன். கையெழுத்து இருக்கு, போன் பண்ணிக் கேட்டுக்கலாம்."

'எங்க அக்காவும்' என்ற இடத்தில் அவள் குரல் எப்படி இருந்தது என்று மீட்டருக்குத் தெரியாது. உதடு தடுமாறவில்லை. அது போதும் என்று இருந்தது.

மேனேஜர் கண்ணாடியை இறக்கி, தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். "வேலை கேட்டு வர்றவங்க தப்ப மறைப்பாங்க. இத ஏன் எங்கிட்ட காட்றீங்க?" இந்தத் தடவை அவனைப் பார்த்தே கேட்டார்.

"எங்கிட்ட இருக்கறதுல ஒழுங்கா எழுதி வச்சிருக்கறது இதுதான். அவங்கிட்டயும் லிஸ்ட் கேளுங்க."

மேனேஜர் ஒல்லியின் பக்கம் திரும்பினார். ஒல்லி முதலாளியைப் பார்த்தான், பிறகு தன் ஷூவைப் பார்த்தான். "எங்கிட்ட லிஸ்ட் இல்ல மேடம்" என்றான். "திட்டினதெல்லாம் வாயோட போச்சு, எழுதி வைக்கல. நான் முடிச்ச வேலைக்குப் பின்னாடி யாரும் போய்ப் பாத்ததும் கெடையாது." அவனும் நல்லவன்தான். நல்லவர்களால்தான் மீட்டருக்கு இத்தனை கஷ்டம்.

முதலாளி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "மேடம், அலாரம் விஷயம் ஒண்ணு இருக்கு..."

"வாங்க, கீழ போய்ப் பாத்துடலாம்" என்று மேனேஜர் எழுந்தார்.

யந்திர அறையின் வாசலில் ஆணிகளில் வரிசையாகக் காதடைப்பான்கள் தொங்கின. மேனேஜர் ஒன்றை மாட்டிக்கொண்டு மற்றவர்களுக்கும் நீட்டினார். அதைப் போடாமல் யாரும் உள்ளே போகக் கூடாது, சத்தம் காதைக் கிழித்துவிடும் என்று கதவில் எழுதியிருந்தது. மீட்டருக்கு நீட்டப்பட்டதை அவன் மரியாதையாக ஆணியிலேயே திரும்ப மாட்டினான். உள்ளே போனார்கள். தரை வழியாக நடுக்கம் முழங்கால்வரை ஏறியது, மீட்டருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. முதலாளி மேனேஜரிடம் ஏதோ சொல்லப் பார்த்தார். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் பெரிதாக வாயைத் திறந்தார். ஒல்லி குறுக்கே புகுந்து விளக்கப் பார்த்தான். மூன்று பேரும் கையை ஆட்டி, தலையை ஆட்டி, ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் மீட்டரும் அக்காவும் மட்டும் வீட்டில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ரூமுக்குள்ள வந்தா எல்லாரும் செவிடுதான். நான் மட்டும்தான் அனுபவசாலி" என்றான் மீட்டர். ஒரு வாரத்துக்குப் பிறகு அக்கா சிரித்தாள்.

மேனேஜர் சுவரிலிருந்த சோதனைப் பொத்தானை அழுத்தினார். கூரையில் சிவப்பு விளக்கு சுழன்றது. எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில்தான் அண்ணாந்தது. அந்த அறையில் அலாரம் எல்லோருக்குமே கண்ணுக்குத்தான் வந்தது.

வெளியே வந்து காதடைப்பானைக் கழற்றியதும் மேனேஜர் அவன் முகத்துக்கு நேராக நின்று சொன்னார். "மூணு மாசம் பாப்பேன். சரியில்லன்னா மாத்திடுவேன். பாவம்லாம் பாக்க மாட்டேன்."

அக்கா கையால் சொல்லிக் காட்டுவதற்கு முன்பே மீட்டருக்குப் புரிந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டான். பிறகு சட்டைப்பையிலிருந்து புது விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அதில் அவனுடைய சொந்த நம்பர் இருந்தது, கீழே 'செய்தி மட்டும்' என்று. "தப்பு நடந்தா எனக்குச் சொல்லுங்க" என்றது அவன் கை. "மொதல்ல எனக்கு. மத்தவங்களுக்கு அப்புறம்."

அக்கா அதை அப்படியே சொன்னாள். முதலாளி அவன் தோளை நோக்கிக் கையைத் தூக்கி, பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

ஒல்லி அவனுக்கு உதவியாக அதே கட்டடத்துக்கு வந்து சேர்ந்தான். சாவி மீட்டரின் இடுப்பில் தொங்கியது. அங்கே பொறுப்பேற்ற ஒன்பதாம் நாள் மதியம், பாய்லர் ஓரம் உட்கார்ந்து வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேனேஜர். 'மீட்டர், ஐந்தாம் மாடி, கிழக்கு மூலை அறை. நேற்று நீங்கள் கை வைத்ததிலிருந்து விசில் மாதிரி சத்தம். உட்கார முடியவில்லை என்கிறார்கள். இது சரியில்லை. உடனே வரவும்.'

பதினாலு வருஷ வேலையில் அவன் பெயருக்கு வந்த முதல் புகார். மீட்டர் கையைத் துடைத்துக்கொண்டு அதை இன்னொரு முறை படித்தான். 'நீங்கள் கை வைத்ததிலிருந்து' என்ற இடத்தில் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, இரண்டுக்கும் அடியில் ஒரு சந்தோஷம் வந்தது. அதற்குள் ஒல்லி எட்டிப் பார்த்துச் செய்தியைப் படித்துவிட்டு, கருவிப் பையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"நீங்க உக்காருங்கண்ணே. விசில்தானே, நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

மீட்டர் பையின் வாரைப் பிடித்து இழுத்து, அவன் தோளிலிருந்து இறக்கினான்.

"இது எனக்கு வந்தது" என்று கையால் சொன்னான். ஒல்லிக்குப் புரியவில்லையோ என்று போனைத் திருப்பி, மேலே இருந்த தன் பெயரை விரலால் குத்திக் காட்டினான். லிப்ட் எங்கேயோ மேலே நின்றிருந்தது. அதற்காகக் காத்திருக்காமல், ஐந்து மாடியையும் படியேறியே போனான்.